ஐந்து மணிக்குள் மறுப்பு வராவிட்டால்

பெட்டாலிங் ஜெயா
3 நவம்பர் 2025

சதாசிவம் அண்ணனுக்கு,

மீனாள் எழுதுகிறேன். வட்டார விவகாரப் பிரிவில் பதினொரு வருஷம் உங்களுக்கு மேலதிகாரியாக இருந்து தலைவலி கொடுத்த அதே மீனாள். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் மேசைமேல் வைத்திருப்பீர்கள். சரிதானே?

செய்தி பார்த்திருப்பீர்கள். தீவு நாட்டுக்கும் கரை நாட்டுக்கும் மறுபடி சண்டை. (கடிதத்தில் நாட்டின் பெயர் எழுதாத பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.) வட்டார நாடுகளின் கூட்டறிக்கை மறுபடி சுற்றில் இருக்கிறது. நாம் என்ன சொல்வது என்று முடிவெடுக்கும் முன், 2003 போரில் நாம் செய்ததைப் பார்த்துப் படிப்பினை எழுதித் தரச் சொல்லி ஓய்வுபெற்ற மூன்று பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான்.

ஒரு பக்கம் இணைத்திருக்கிறேன். படித்தால் ஒரு நிமிஷ வேலை. திருத்திய வரைவு நம் தகவல் அறையில் தாமதப்பட்டதால் அன்று ஐந்து மணிக்குள் நம் மறுப்பை அனுப்ப முடியாமல் போயிற்று என்பதுதான் அதன் சாரம். தகவல் அறை எழுத்தர் மனோகரன் பெயர் கடைசி வரியில் வரும். அன்று உதவிச் செயலாளராக இருந்தவர் நீங்கள். உங்கள் ஒப்புதல் இருந்தால் கோப்பு முழுமையாகும்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் உங்களிடமிருந்து மறுப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் பழைய நடைமுறைதான்.

வாட்ஸ்அப்பில் எதுவும் வேண்டாம். காகிதமே போதும்.

மீனாள்


உலு திராம்
8 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய மீனாள் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் ஐந்தாம் தேதி கிடைத்தது. பிரித்தது ஆறாம் தேதி. தாங்கள் சொன்னது சரி.

பதினேழு ஆண்டுகளாகத் தங்களிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை. நானும் எழுதியதில்லை. என் கடைசி ஆண்டு மதிப்பீட்டில் ‘முடிவெடுக்கத் தயங்குபவர்’ என்று தாங்கள் எழுதியதற்காகக் கோபம் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோபம் இல்லை. அது உண்மை என்பதால்தான் எழுதவில்லை.

தாங்கள் அனுப்பிய பக்கத்தை நான்கு முறை படித்தேன். எனக்குச் சில சந்தேகங்கள். தவறாக இருந்தால் மன்னிக்கவும். ஓய்வுபெற்ற ஒருவரிடம் இப்போது கையெழுத்து எதற்கு? பழைய விசாரணைக் கோப்பே இருக்கிறதே. வாட்ஸ்அப் ஏன் வேண்டாம்? நான் எப்போதுமே காகிதத்தை விரும்புகிறவன்தான். ஆனால் தாங்கள் விரும்ப மாட்டீர்கள். காகிதம் அனுப்பினால் ‘இன்னொரு கோப்பா?’ என்று முகம் சுளிப்பீர்கள்.

அன்று நடந்ததை எனக்கு நானே சரிபார்க்க வரிசையாக எழுதிப் பார்த்தேன். அதையே இங்கும் எழுதுகிறேன். கூட்டறிக்கையின் முதல் வரைவில் ஒரு வாக்கியம் இருந்தது: துறைமுகத்தை இரு தரப்பும் மூன்று நாள் திறந்துவிட வேண்டும், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வெளியேற வேண்டும். அங்கே எண்ணெய்த் தொட்டிகள் பொருத்தப் போன நம் ஆட்கள் பதினொரு பேர் இருந்தார்கள். திருத்திய வரைவில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டார்கள். சுற்றுக்கு வரும் வரைவை ஐந்து மணிக்குள் எந்த நாடும் மறுக்காவிட்டால் எல்லா நாடுகளும் ஒப்பியதாகப் பொருள். நாம் மறுக்கவில்லை. வாக்கியம் போயிற்று. பத்தொன்பது நாள் கழித்துத்தான் நம் ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒன்பது பேர்.

அம்மா, தங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. மனோகரன் தாமதிக்கவில்லை. திருத்திய வரைவின் தொலைநகலை அவர் என் கையில் கொடுத்தது இரண்டு ஐம்பதுக்கு. மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, தங்கள் கையெழுத்துக்காக மூன்றேகாலுக்குத் தங்கள் அறை வாசலுக்கு வந்தேன். கதவுக்கு மேலே சிவப்பு பல்பு எரிந்தது. சிவப்பு எரிந்தால் உள்ளே கூட்டம், யாரும் தட்டக் கூடாது என்பது பிரிவின் விதி. நான் தட்டவில்லை. ஐந்து பத்துக்குப் பல்பு அணையும் வரை வெளியே காத்திருந்தேன்.

தாங்கள் வெளியே வந்து பதிவேட்டில் பெறப்பட்ட நேரம் 5.10 என்று எழுதினீர்கள். தட்டாமல் நின்ற என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதுகிறீர்கள் என்று நினைத்து அடியில் சுருக்கொப்பம் இட்டேன். விசாரணையில் ‘இது உங்கள் ஒப்பமா?’ என்று மட்டும் கேட்டார்கள். ஆம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகவே பக்கத்தில் மனோகரன் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் நினைவில் பிழை இருக்கலாம். எழுபத்துநான்கு வயதாகிறது. தயவுசெய்து சரிபார்க்கவும்.

பணிவுடன்,
சதாசிவம்


பெட்டாலிங் ஜெயா
12 நவம்பர் 2025

அண்ணே,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் இதையா சுமந்துகொண்டிருந்தீர்கள்?

யாரும் உங்கள்மேல் குற்றம் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. ஒரு ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காகிதத்தை மடியில் பிடித்தபடி ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த மனுஷனைப் போய் யார் குற்றம் சொல்வது? நீங்கள் விதிப்படி நடந்தீர்கள். அவ்வளவுதான்.

பெயரை மாற்றச் சொல்லாதீர்கள். உங்கள் பெயர் வந்தால் ‘ஏன் தட்டவில்லை?’ என்று கேட்பார்கள். அப்புறம் ‘உள்ளே என்ன கூட்டம்?’ என்பார்கள். நூல் பிரிந்துகொண்டே போகும். மனோகரன் ராஜினாமா செய்து எவ்வளவோ காலமாகிவிட்டது. எங்கேயோ கடை வைத்திருப்பதாகக் கேள்வி. இந்தக் காகிதத்தை அவர் பார்க்கப் போவதே இல்லை. படிப்பினை என்ன தெரியுமா? தகவல் அறைக்கு நல்ல கருவி வாங்க வேண்டும். கருவி வாங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

போன கடிதத்தில் எழுதியதை வேறு எங்கும் எழுதாதீர்கள். நகல் வைத்திருப்பீர்கள். கிழித்துவிடுங்கள். மனோகரனைத் தேடிக்கொண்டும் போகாதீர்கள். மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாள்


உலு திராம்
18 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய மீனாள் அம்மா அவர்களுக்கு,

நகலைக் கிழிக்கவில்லை. மன்னிக்கவும்.

தங்கள் கடிதத்தில் ஒரு வரியின்கீழ் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அன்று நான் புது ஷூ போட்டிருந்தேன். இடது கால் கடித்தது. கழற்றி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். பல்பு அணைந்ததுமே மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன், அதன் பிறகுதான் தாங்கள் வெளியே வந்தீர்கள். நடைவழியில் வேறு யாரும் இல்லை. என் மனைவியிடம்கூட இதைச் சொன்ன நினைவில்லை. நான் எழுதிய கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அதில் ஷூ இல்லை.

கடிதம் வந்த வெள்ளிக்கிழமை இரவு முழுக்க எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. ஒருவேளை கழற்றாத ஷூவைக் கழற்றியதாக நான்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்றுகூடப் பட்டது. ஆனால் தாங்களும் அதையே எழுதியிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை பொந்தியானுக்குப் போனேன். போக வேண்டாம் என்று தாங்கள் எழுதியிராவிட்டால் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். லார்க்கினில் பேருந்து மாறி, இறங்கி இரண்டு பேரிடம் விசாரித்தேன். பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் மனோகரன் மின்சாதனங்கள் பழுதுபார்க்கிறார். சோறாக்கும் குக்கர் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“அலமாக்! சதாசிவம் சாரா? கேக்காம கொள்ளாம நேரா உள்ள வந்துட்டீங்க?”

“கடைக்குத்தான் கதவே இல்லையே” என்றேன்.

“அதான் வந்துட்டீங்க. கதவு இருந்திருந்தா இன்னமும் வெளியதான் லா உக்காந்திருப்பீங்க.”

சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்துக் கடையில் பால் ஊற்றாத தே ஓ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொன்னேன். தொலைநகலை அவர் தந்தது இரண்டு ஐம்பதுக்கு என்று எனக்குத் தெரியும் என்றேன்.

“எனக்குந்தான் தெரியும். நான்தானே கொடுத்தேன்.”

“ஏன் விசாரணையில் சொல்லவில்லை?”

“மூணு வாட்டி சொன்னேன் சார். ரிஜிஸ்டர்ல அஞ்சு பத்துன்னு இருக்கு, கீழ சதாசிவம் கையெழுத்து இருக்குன்னாங்க. சதாசிவம் சார் பொய் எழுத மாட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும். நானே அப்படித்தான் நெனச்சேன். வீட்டுக்குப் போயி, ஒருவேள நாமதான் லேட்டா கொடுத்துட்டமோன்னு யோசிச்சேன் பாருங்க.”

அம்மா, அந்த இடத்தில் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. தாங்கள் அனுப்பிய பக்கத்தை எடுத்துக் காட்டினேன். கடைசி வரியை விரலால் தொட்டுப் படித்தார். குக்கரின் திருகாணிகளை ஒவ்வொன்றாக ஒரு மூடியில் எடுத்து வைத்தார்.

“பெரிய மக லோஷினி ரெண்டு மாசத்துக்கு முந்திதான் அந்த பில்டிங்ல வேலைக்குச் சேர்ந்தா. ஃபைல் செக்‌ஷன். ஏன்பா வேலைய விட்டீங்கன்னு கேப்பா. கடை வைக்க ஆசைம்மான்னு சொல்லி வச்சிருக்கேன். இந்தப் பேப்பர் அவ கைக்குத்தான் போகும். அப்பாவால ரெண்டு பேரு செத்தாங்கன்னு அவ நம்பர் போட்டு அலமாரில வைக்கணும்.”

நான் சிவப்பு பல்பைப் பற்றிச் சொன்னேன். தட்டியிருக்க வேண்டும், என் கோழைத்தனம் என்றேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“சரி, லைட்டு அணைஞ்சதும் யாரு வெளிய வந்தாங்க?”

“மேடம்.”

“அப்புறம்?”

நான் யோசித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ முறை அந்த வாசலில் மனதால் போய் நின்றிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒரு முறைகூட நான் கேட்டுக்கொண்டதில்லை.

“வேறு யாரும் வரவில்லை.”

“கூட்டம்னா ரெண்டு பேராச்சும் வேணும்ல சார்? அந்த ரூமுக்கு ஒரே கதவு. ஒயரிங் கெட்டா அப்பவே நான்தான் பார்ப்பேன். லைட்டு சுவிட்சு மேடம் மேசைக்கு அடியில இருக்கும்.”

இப்போது தங்களிடம் கேட்கிறேன். இதைக் கேட்பதற்கு இந்தக் கடிதத்தை ஐந்து முறை திருத்தினேன். அன்று உள்ளே யார் இருந்தார்கள்?

சதாசிவம்


பெட்டாலிங் ஜெயா
21 நவம்பர் 2025

அண்ணே,

நான் மட்டும்தான் இருந்தேன்.

கதவில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு, ஞாபகம் இருக்கிறதா? நான் மூன்று தரம் அதன் வழியாகப் பார்த்தேன். மூன்றாவது தரம் நீங்கள் ஷூவைக் கழற்றியிருந்தீர்கள். காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. அதையும் பார்த்தேன்.

மூன்று மணிக்கு மேலிருந்து ஃபோன் வந்தது. யார் என்று எழுத மாட்டேன், அவர் இப்போது இல்லை. ‘திருத்திய வரைவு வந்துவிட்டதா?’ என்றார். இன்னும் என் கைக்கு வரவில்லை என்றேன். ‘வராமலே இருந்தால் நல்லது’ என்றார். அவ்வளவுதான், அண்ணே. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. கரை நாடு நம் செம்பனை எண்ணெயை வாங்குகிறது. தீவு நாட்டில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். மறுத்தால் ஒருத்தருக்குக் கோபம். ஒப்பினால் இன்னொருத்தருக்கு. தகவல் வரவில்லை என்றால் யாருக்கும் கோபமில்லை. ஒரு அரசாங்கம் எப்படி முடிவெடுக்கிறது என்று நாம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நாள் முழுக்க வகுப்பு நடத்துவோமே, சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு முடிவெடுத்தது ஒரு பல்பு.

வேறு யாராவது காகிதத்தைக் கொண்டுவந்திருந்தால் தட்டியிருப்பார்கள். நம் பிரிவின் ஜீவன் என்றால் கதவை உதைத்திருப்பான். அன்று பணியில் இருந்தவர் நீங்கள். உங்களை எனக்குத் தெரியும். சுவிட்சைப் போட்டால் போதும் என்று தெரியும். அதே குணத்துக்காக அப்புறம் உங்கள் மதிப்பீட்டில் அப்படி எழுதினேன். எழுதும்போது கை கூசவில்லை. இப்போது கூசுகிறது.

மனோகரனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு போய்விடும் என்று நினைத்தேன். அப்போது அந்த ரெண்டு பேர் உயிரோடுதான் இருந்தார்கள்.

இப்போதைய நிலைமையும் சொல்கிறேன். அதே துறைமுகம், அதே வாக்கியம். அதை எடுத்துவிட்ட வரைவு வரும் மாதம் சுற்றுக்கு வரப் போகிறது. போன தடவை நாம் பேசாமல் இருந்தது கருவிக் கோளாறு என்று எங்கள் அறிக்கை சொன்னால், இந்தத் தடவையும் பேசாமல் இருக்க வழி உண்டு. அது முடிவு என்று சொன்னால், இந்தத் தடவையும் முடிவு என்று ஒப்புக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டியிருக்கும். மூன்று பேரில் ரெண்டு பேர் முதலாவதையே விரும்புகிறார்கள். மூன்றாமவளுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

கெடு மாறாது. வெள்ளி ஐந்து மணி. குழுச் செயலாளரின் மாடியும் அறை எண்ணும் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஏன் எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

மீனாள்


புத்ராஜாயா பேருந்து நிலையம்
28 நவம்பர் 2025, மாலை 4.35

மீனாள் அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தேன். உதவியா, பொறியா என்று என்னால் முடிவுகட்ட முடியவில்லை. நான் நேரில் போனால் ‘கிழவர் குழம்பிப்போய் வந்தார்’ என்று எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். தபாலில் அனுப்பினால் ‘ஐந்து மணிக்குப் பிறகு கிடைத்தது’ என்று எழுதலாம். எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வாக்குமூலத்தை எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம். இரண்டு ஐம்பது, மூன்றேகால், ஐந்து பத்து, பல்பு, பதிவேடு, என் சுருக்கொப்பம். தங்கள் கடிதங்களின் நகல்களை இணைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இணைத்திருக்கிறேன். இதற்காகத் தாங்கள் என்னை மன்னிக்க வேண்டாம்.

இன்று காலை லார்க்கினில் ஏழு மணிப் பேருந்து. ஆயர் ஹீத்தாம் தாண்டியதும் மழை. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் முடியும்வரை கீழே காத்திருந்துவிட்டு மேலே போனேன். தாங்கள் எழுதிய அறையின் கதவில், கூட்டம் நடக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள் என்று மலாயில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று முதலில் தேடினேன். இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு என் ஷூவைப் பார்த்தேன். எழுந்து தட்டினேன். முதல் தட்டு எனக்கே கேட்கவில்லை. மறுபடி தட்டினேன்.

“மாசுக்!” என்று உள்ளே வரச் சொன்னது ஒரு பெண் குரல்.

உள்ளே ஓர் இளம் மலாய்ப்பெண் மட்டும் கறிபாப் தின்றுகொண்டிருந்தாள். நீண்ட மேசையில் வேறு யாரும் இல்லை. கூட்டம் என்று அட்டை தொங்குகிறதே என்று கேட்டேன். “அது காலையில மாட்டுனது பாக்சிக், எடுக்க மறந்துட்டாங்க” என்று மாமா முறை வைத்து மலாயில் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். செயலாளர் நாலு மணிக்கு வருவாராம். நான் காத்திருக்கவில்லை. அவளிடமே கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொன்னேன். நேரத்தை அவளே எழுத வேண்டும், என் கண் முன்னால் எழுத வேண்டும் என்றேன். வினோதமாகப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 3.20 என்று எழுதினாள். நான் என் கைக்கடிகாரத்திலும் பார்த்துக்கொண்டு, அதன்கீழ் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். சுருக்கொப்பம் இடவில்லை.

கீழே வந்து மனோகரனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“டைம் போட்டாங்களா சார்?”

“போட்டார்கள். மூன்று இருபது.”

“யாரு எழுதுனா?”

“அங்கே இருந்த பெண்.”

“கீழ உங்க கையெழுத்து இருக்கா?”

“இருக்கிறது.”

பின்னால் ஏதோ மின்விசிறி சோதனைக்காக ஓடும் சத்தம் கேட்டது.

“நீங்க பொய் எழுத மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும் லா” என்றார். பிறகு, “லோஷினி கிட்ட இன்னிக்கே நானே சொல்லிடுறேன். பேப்பர்ல பார்க்கறதுக்கு முந்தி” என்றார்.

என் மறுப்பை அறிக்கையில் சேர்ப்பார்களா, அலமாரியில் வைத்துவிடுவார்களா, எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அந்த வாக்கியத்துக்கு என்ன ஆகும் என்பதும் தெரியாது. அறிக்கை வந்ததும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பேன்.

தாங்கள் இதற்குப் பதில் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். கெடு எதுவும் வைக்கவில்லை. தாங்கள் எழுதாவிட்டால் நான் சொன்னதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எழுதவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

பேருந்து வந்துவிட்டது. மணி நாலு ஐம்பது.

சதாசிவம்